யார் கை என்று தெரியாதுங்க

மழை வருமா என்று அவரிடம் கேட்டால், ஜன்னல் வழியாக மேலே பார்த்துவிட்டு, "மேகம் இருக்குங்க" என்பார். அவ்வளவுதான். கிள்ளானில் பிற்பகல் மூன்று மணிக்கு அப்படிக் கறுத்துக்கொண்டு வந்தால் மழை கொட்டாமல் போன நாள் எனக்கு நினைவில்லை. ஆனாலும் அவர் ஒருநாள்கூட "வரும்" என்று சொன்னதில்லை.

நாங்கள் அவரை ஐடி அண்ணே என்று கூப்பிட்டோம். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் கடல் தாண்டி வந்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. தோளில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் மடிக்கணினி, ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்தில்தான் அவருக்கு மேசை. நான் அவரைப் பார்த்ததெல்லாம் கிள்ளானில். அங்கே ஒரு கடைவீட்டு வரிசையின் முதல் மாடியில் எங்கள் டயாலிசிஸ் மையம் இருந்தது. பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இயந்திரங்கள். நான் கவுண்டரில் கிளார்க். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பந்திங்கிலும் அதே நிறுவனத்துக்கு இன்னும் இரண்டு மையங்கள் உண்டு.

அவர் வந்த காரணம் ஒரு வலைப்பக்கம். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை முன்பெல்லாம் நீளமான நோட்டில் எழுதுவோம். பிறகு யாரோ கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ஏற்பாடு செய்தார்கள். ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் தட்டலாம். நான் கிள்ளானில் தட்டுவது பிரிக்ஃபீல்ட்ஸில் எழுத்தெழுத்தாகத் தெரியும். அதைப் 'பேட்' என்போம். வசதிதான். ஆனால் லிங்க் தெரிந்த எவரும் உள்ளே வந்து எழுதலாம், எதையும் மாற்றலாம். மூலையில் பெயர் போட ஒரு சின்னக் கட்டம் உண்டு. பெரும்பாலும் அதை வெறுமையாக விட்டுவிடுவோம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆள் ஒருவர் மட்டும் 'கிங்' என்று போட்டுக்கொள்வார்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு வாசல் வைப்பதுதான் அவர் வேலை. ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும் அடங்கிய ஒரு பட்டியல் தலைமை அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்தது. டைரக்டரி என்பார்கள். லீவு போட அதில்தான் நுழைவோம். பேட்டை அதோடு இணைக்க வேண்டும்.

"பேட் வாசல்ல நிக்குங்க," என்று எனக்கு விளக்கினார். "நீங்க பேரு சொன்னா டைரக்டரிகிட்டப் போய், 'இவங்க நம்ம ஆளா, பாஸ்வேர்ட் சரியா'ன்னு கேக்கும். அது ஆமான்னு சொன்னா கதவு திறக்கும். அப்புறம் நீங்க தட்டுற ஒவ்வொரு வரியிலயும் உங்க பேரு இருக்கும்."

"எத்தனை நாள்ல முடியும் அண்ணே?"

"பட்டியல் எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் தெரியுங்க."

பட்டியல் மோசமாக இருந்தது. வேலையை விட்டவர்கள் அதில் இருந்தார்கள். சேர்ந்தவர்கள் சிலர் இல்லை. இன்னொரு சிக்கல் எங்கள் பெயர்களிலேயே இருந்தது. பட்டியல் குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்கும். நமக்கு ஏது? எப்போதோ யாரோ தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். முதல் சோதனையில் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் கமலா அக்கா பேட்டுக்குள் நுழைந்தபோது 'முனியாண்டி' என்று காட்டியது.

"எங்கப்பா செத்துப் பத்து வருஷமாச்சு," என்றார் கமலா அக்கா. "இப்ப வந்து பிளட் பிரஷர் எழுதுறாரு பாரு லா."

நர்சுகள் எல்லோரும் சிரித்தார்கள். ஐடி அண்ணே சிரிக்கவில்லை. வேறொருவராக இருந்தால் இரண்டு கட்டங்களையும் மாற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அவர் மூன்று மையங்களுக்கும் போய், ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து, "உங்க பேரு எப்படித் தெரியணும்?" என்று கேட்டார். என் முறை வந்தபோது, தகப்பன் பெயர் வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்றேன். என் அப்பா எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். காரணம் கேட்பார் என்று நினைத்து ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என் பெயரைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பி, "எழுத்து சரியாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பந்திங்கில் ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டதாக எல்லோரும் சொன்னார்கள். பெயரை எடுத்துவிடச் சொன்னார் தலைமை அலுவலக மேனேஜரும். ஐடி அண்ணே அந்த நர்சுக்கே போன் போட்டார். அவள் பிள்ளை பெற்று லீவில் இருந்தாள்.

"எல்லாரும் சொன்னாங்களே அண்ணே," என்றேன்.

"எல்லாரும் சொன்னாங்கங்கறது மட்டும்தாங்க நமக்குத் தெரிஞ்சது," என்றார்.

இந்தக் குணம் எப்போதும் இனிக்கவில்லை. ஒருமுறை மதிய உணவு நேரத்தில் அவருடைய மகள் வீடியோவில் அழைத்தாள். ஏழெட்டு வயதுப் பெண். தீபாவளிக்கு வருவியா அப்பா என்று கேட்டாள். "லீவு கேட்டிருக்கேன் கண்ணு. கொடுப்பாங்களான்னு தெரியாது," என்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் பிள்ளை அழுதுகொண்டே திரையை விட்டுப் போய்விட்டது. கமலா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போச்சு? சின்னப் புள்ள லா!"

"போகலைன்னா?" என்றார் அவர்.

"அதை அப்ப பாத்துக்கலாம்."

அவர் எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

பேட் ஒரு திங்கட்கிழமை புது வாசலோடு திறக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் எங்கள் கவுண்டரில் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான ஆள் உள்ளே வருவதைப் பார்த்தாயிற்று, இனி தப்பான ஆள் வெளியே நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றார். திடீரென்று கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். கமலா அக்காவின் பெயரைப் போட்டு, பாஸ்வேர்ட் கட்டத்தை வெறுமையாக விட்டு, எண்டரைத் தட்டியிருக்கிறார். கதவு திறந்துவிட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் உள்ளே போகலாம் என்ற நிலை.

மேனேஜருக்கு அங்கேயே போன் போட்டார். "திங்கக்கிழமை திறக்க முடியாதுங்க. ஒரு வாரம் வேணும்."

மேனேஜர் கத்துவது எனக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "தெரியுங்க. ஆனா இப்படித் திறந்தா பேருக்கு அர்த்தம் இல்லைங்க," என்றார்.

அந்த ஒரு வாரத்தில்தான் அது நடந்தது.

ஏழாம் நாற்காலியில் வாரம் மூன்று நாள் வருகிற ஓர் அங்கிள். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். டயாலிசிஸ் முடியும்போது உடம்பு எத்தனை கிலோவில் நிற்க வேண்டும் என்று டாக்டர் ஓர் எடையைக் குறித்துக் கொடுப்பார். இயந்திரம் அதுவரைக்கும் உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கும். புதன்கிழமை டாக்டர் வந்து அங்கிளின் எடையை மாற்றி, ஒரு சீட்டில் 58.5 என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலை பேட்டில் 56.5 என்று ஏறியது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆள் பற்றாமல் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தாள். அங்கிளை முன்பின் பார்த்திராதவள். பேட்டில் இருந்ததை நம்பினாள். இரண்டு கிலோ தண்ணீர் கூடுதலாகப் போயிற்று. மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, அங்கிள் நாற்காலியிலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பக்கவாதம் என்றார்கள். பிரஷர் இறங்கியதால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அங்கிள் பிழைத்தார். மூன்று வாரம் கழித்து, வலது கை மடியில் கிடக்க, சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார்.

ஆம்புலன்ஸ் போன மறுநாள் காலை பார்த்தேன், சீட்டு என் மேசை டிராயரில் இருந்தது. டாக்டரின் எட்டு தெளிவாக எட்டாகவே இருந்தது. புதன்கிழமை மாலை அந்த எடைகளைப் பேட்டில் தட்டியது நான்.

அதைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சீட்டை ஒரு பழைய கவருக்குள் வைத்து டிராயரை மூடினேன். அடுத்த நோயாளியின் கார்டை வாங்கிப் பதிவு செய்தேன். அன்று மதியம் மீன் குழம்பு சாப்பிட்டேன். உப்பு குறைவு என்றுகூடத் தெரிந்தது.

மறுவாரம் மேனேஜர் கிள்ளானுக்கு வந்தார். ஐடி அண்ணனையும் கூட்டி வந்திருந்தார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், கதவைச் சரியாகச் சாத்தாமல் பேசினார்கள். நான் வெளியே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு டைப் பண்ணது? ஹிஸ்டரி இருக்குல்ல?"

"இருக்குங்க. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்கு, கவுண்டர் கம்ப்யூட்டர்ல இருந்து. பேரு இல்லை."

"அந்த நேரம் இன்சார்ஜ் கமலா. கமலாதான்னு ரிப்போர்ட்ல போடுங்க."

"அந்தக் கம்ப்யூட்டரை நாலு பேரு தொடுறாங்க. எந்த மெஷின்னு தெரியும். யார் கைன்னு தெரியாதுங்க."

"சரி, 'மோஸ்ட் லைக்லி'ன்னு போடுங்க. அது பொய் இல்லையே?"

ஐடி அண்ணனின் குரல் அதே அளவில் கேட்டது. "அப்படி எழுதுனா, படிக்கிறவங்க 'மோஸ்ட் லைக்லி'யை விட்டுட்டுப் பேரை மட்டும் படிப்பாங்க."

"இங்க பாருங்க, கம்பெனி போர்டு எங்கிட்ட ஒரு பேரு கேக்குது. நீங்க சொன்ன திங்கக்கிழமை திறந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. லேட் பண்ணது யாரு?"

"நான்தாங்க. அதை ரிப்போர்ட்ல எழுதிட்டேன்."

"உங்க பெர்மிட் ரெனியூவல் என் மேசைல இருக்கு. தெரியும்ல?"

"அது தெரியுங்க," என்றார் அவர்.

நான்கு தாள் போதும். நான் பதினொன்று நகல் எடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் அதே வாசகத்தோடு திரும்பி வந்தது. பெயர் இல்லாததால் கமலா அக்காவின் வேலை போகவில்லை. ஆனால் ஷிப்ட் பொறுப்பு அவருடையது என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பந்திங்குக்கு மாற்றினார்கள். கிள்ளானில் அவர் வீடு நடக்கிற தூரம். வீட்டில் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் மகளும் அவரும் மட்டும். இனி விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும்.

புறப்படும் நாள் என்னிடம் வந்து, "யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியலம்மா. ஒருவேளை நானே தட்டியிருப்பேனோ? அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் வேற," என்றார்.

நான், "பஸ் எத்தனை மணிக்கு அக்கா?" என்று கேட்டேன்.

விசாரணை முடியும்வரை எதையும் மாற்றக் கூடாது என்று பேட் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அது முடிந்தபோது ஐடி அண்ணனின் பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்பதும் முடிவாகியிருந்தது. ஊருக்குப் போகும் கடைசி வாரத்தில் அவர் அந்த வாசலைத் திறந்தார். ஒவ்வொரு மையத்துக்கும் வந்து, ஒவ்வொருவரும் முதல்முறை நுழையும்போது பக்கத்தில் இருந்தார். பாஸ்வேர்ட் இல்லாமல் எண்டர் தட்டினால் கதவு திறக்காது என்பதையும் செய்து காட்டினார்.

என் முறைக்கு நான் உட்கார்ந்தேன். கவுண்டரில் வேறு யாரும் இல்லை.

"அண்ணே, யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மனசுல ஒருத்தர நெனைச்சிருப்பீங்கல்ல?"

"நெனைக்கிறதெல்லாம் தெரிஞ்சதாயிருமா?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "யாராவது சொன்னா தெரியும்," என்றார்.

நான் பாஸ்வேர்டைத் தட்டினேன். கதவு திறந்தது. மூலையில் என் பெயர் மட்டும் வந்தது. "எழுத்து சரியாங்க?" என்று கேட்டார். சரி என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோமுட்டர் ரயில் பிடிக்கப் போனார். அவருடைய ஊர்ப் போன் நம்பரை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஏதாவது நின்றுபோனால் கூப்பிடச் சொன்னார்.

ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் நின்றுபோகவில்லை. லோரி அங்கிள் வாரம் மூன்று நாள் வந்தார். எடை பார்க்கும்போது என்னை நோக்கி இடது கையைத் தூக்குவார். நான் எண்ணைத் தட்டுவேன். பக்கத்தில் என் பெயர் வரும். வீட்டுக்குப் போவேன், துணி துவைப்பேன், தூங்குவேன். நன்றாகவே தூங்கினேன். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒருநாள் காலை யாராலும் பேட்டுக்குள் நுழைய முடியவில்லை. தலைமை அலுவலகத்தின் புது ஆளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஐடி அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்ததால் என்னையே கூப்பிடச் சொன்னார்கள். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். முக்கால் மணி நேரம், திரையில் தெரிவதை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டார். டைரக்டரியும் பேட்டும் ஒன்றையொன்று நம்புவதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறதாம். அது காலாவதியாகியிருந்தது. புது ஆளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். கதவு திறந்தது.

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம்.

"அண்ணே, அந்த அம்பத்தாறரை... நான்தான் தட்டினேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"எப்படித் தெரியுங்க?" என்றார்.

"டாக்டர் சீட்டு எங்கிட்டதான் இருக்கு. அதைப் பாத்து நான்தான் ஏத்துனேன்."

"கமலாக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. போனை அவர்தான் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பந்திங் பஸ் ஏறினேன். வழி நெடுக செம்பனைத் தோட்டம். என்ன சொல்வது என்று யோசிக்க முயன்றேன். மரங்களை எண்ணிக்கொண்டு போனதுதான் மிச்சம். கமலா அக்கா ஒரு நோயாளிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். பிளாஸ்திரி ஒட்டி, கையுறையைக் கழற்றும்வரை நின்றேன். பிறகு சீட்டைக் கொடுத்துச் சொன்னேன்.

அவர் சீட்டை நீட்டிப் பிடித்து வாசித்தார். கண்ணாடி போடவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். நான்காவது நாற்காலியின் இயந்திரம் அலறியது. அவர் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டார்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முடிந்துபோன கேஸை எதற்குக் கிளறுகிறாய் என்றார் மேனேஜர். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. கமலா அக்காவின் எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்து, எனக்கு ஒன்று கொடுத்தார்கள். லோரி அங்கிளின் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அங்கிள் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் மையத்துக்குப் போகிறார். கமலா அக்கா கிள்ளானுக்குத் திரும்பி வந்துவிட்டார். என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. 'மிஸ்' என்கிறார்.

எல்லாம் முடிந்த பிறகு ஐடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லிட்டேன் அண்ணே."

"கமலாக்கா என்ன சொன்னாங்க?"

"மன்னிக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். உள்ளுக்குள்ள ரொம்ப..."

"நெனைக்கிறது வேண்டாங்க. அவங்க சொன்னது என்ன?"

"'எத்தனை மாசமாத் தெரியும்?'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினாலுன்னு சொன்னேன்."

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. காத்திருந்தேன்.

"சரிதாங்க," என்றார்.